பின்சீட்டுக்காகப் பிறந்த கார்

நம்மூரில் ‘வால்வோ’ என்றால் பஸ்தான். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ ராத்திரி ஒன்பது மணிக்கு ஏறி, போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கி, காலையில் பெங்களூருவில் கண் விழிக்கும் ஏசி பஸ். “வால்வோல டிக்கெட் இருக்கா?” என்று கேட்டால் யாரும் காரை நினைப்பதில்லை.

ஸ்வீடனில் போய் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அங்கே நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அப்பாவின் கார்தான். கோடை விடுமுறை, பின்சீட்டில் அண்ணன் தம்பி சண்டை, வழியில் நிறுத்திச் சாப்பிட்ட சாண்ட்விச், ஃபிளாஸ்க்கில் அம்மா கொண்டு வந்த காபி. நமக்கு அம்பாஸடர் எப்படியோ, அவர்களுக்கு வால்வோ 240 அப்படி.

அந்த 240, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஐந்து வயதுக் குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து “கார் வரை” என்றால் என்ன வரையும்? ஒரு நீளப் பெட்டி, அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி, கீழே இரண்டு வட்டம். அதுதான் 240. ‘செங்கல்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். வேகமும் இல்லை, வளைவு நெளிவும் இல்லை. ஆனால் 1974-லிருந்து 1993 வரை, கிட்டத்தட்ட 19 வருடங்கள், அதே பெட்டி உருவத்தில் விற்றுக்கொண்டே இருந்தது. அதன் குடும்ப வரிசையில் மொத்தம் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

அழகுக்காக யாரும் வாங்காத ஒரு காரை ஏன் இத்தனை பேர் வாங்கினார்கள்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு ஸ்வீடன் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பெயர் வேண்டாம். அந்த நாட்டில் அப்படி ஆயிரம் குடும்பங்கள் இருந்தன.

தாத்தாவின் கார்

கதை தொடங்குவது கோத்தன்பர்க் என்ற துறைமுக நகரத்தில். அங்கே எஸ்.கே.எஃப். என்ற பால் பேரிங் கம்பெனி இருந்தது, இன்றும் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த அஸ்ஸார் கேப்ரியல்ஸன் வியாபாரம் தெரிந்தவர். அவருடைய நண்பர் குஸ்டாஃப் லார்ஸன் என்ஜினீயர். கல்லும் குழியுமான ஸ்வீடன் சாலைக்கும், உறைய வைக்கும் குளிருக்கும் தாங்குகிற காரை உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்பது இருவரின் ஆசை. எஸ்.கே.எஃப். பணமும் கொடுத்தது, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த ஒரு பெயரையும் கொடுத்தது. அந்தப் பெயர்தான் வால்வோ. லத்தீன் மொழியில் ‘நான் உருள்கிறேன்’ என்று அர்த்தம்.

1927 ஏப்ரல் 14 அன்று முதல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. வந்த விதம்தான் வேடிக்கை. கியரைப் போட்டதும் கார் முன்னால் போகாமல் பின்னால் போனதாம். பின் அச்சில் பல்சக்கரத்தை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். சரிசெய்து மறுபடியும் ஓட்டினார்கள். பிள்ளையார் சுழியே கோணலாகிப்போன அந்தக் காரின் விலை 4,800 குரோனர்.

நம் கற்பனைத் தாத்தாவுக்கு அது எட்டாத விலை. அவர் போன்றவர்களுக்கான கார் வர இன்னும் 17 வருடங்கள் ஆயின. இரண்டாம் உலகப் போர் முடியாத 1944-ல், ஸ்டாக்ஹோமில் நடந்த கண்காட்சியில் பி.வி. 444 என்ற சின்னக் காரை வால்வோ காட்டியது. விலை? அதே 4,800 குரோனர். 17 வருடங்களுக்குப் பிறகும் அதே விலை என்றதும் ஜனங்கள் ஆச்சரியப்பட்டுப்போனார்கள். கண்காட்சியிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால், போர்க்காலத்தில் இரும்புக்கு எங்கே போவது? உற்பத்தி தொடங்கவே 1947 ஆகிவிட்டது.

அந்தக் காரின் முன்கண்ணாடியில் ஒரு விசேஷம் இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய ஒரு படலத்தை வைத்து ஒட்டியிருந்தார்கள். மோதினால் விரிசல் விடும். ஆனால் சில்லுச் சில்லாகச் சிதறி முகத்தில் பாயாது. தாத்தா அதற்காக அந்தக் காரை வாங்கியிருக்க மாட்டார். விலை குறைவு, பெட்ரோல் அதிகம் குடிக்காது, பனியில் கிளம்பும். அவருக்கு அது போதும்.

கேட்டு வாங்காத பாதுகாப்பு ஒன்று அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

மடியில் குழந்தை

அடுத்து அப்பா காலம். 1956-ல் வால்வோ ‘அமேசான்’ என்ற காரைக் கொண்டுவந்தது. வரைந்தவர் யான் வில்ஸ்கார்ட் என்ற இளைஞர். வட்டமான முகம், இரண்டு வண்ணப் பூச்சு, கொஞ்சம் அமெரிக்கச் சாயல். இன்று பழைய கார் சேகரிப்பவர்கள் தேடிப் போகும் அழகான கார் அது.

நம் கற்பனைக் குடும்பம் 1950-களின் கடைசியில் அமேசானில் கிளம்புவதைப் பாருங்கள். அப்பா ஸ்டீயரிங்கில். பக்கத்தில் அம்மா. அம்மாவின் மடியில் எட்டு மாதக் குழந்தை. பின்சீட்டில் தாத்தா, பாட்டியோடு இன்னும் இரண்டு உறவினர் பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவராக.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும் கார்தான் அது. ஸ்வீடன்காரர்கள் பிறவியிலேயே ஜாக்கிரதையானவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அன்று அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். பிள்ளையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நம்பினார்கள்.

இறுக்கிப் பிடித்தால் போதுமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிலோ மோதி, பத்தில் ஒரு பங்கு விநாடியில் நின்றுவிடுகிறது. மடியில் இருக்கும் குழந்தை 10 கிலோ. அந்தக் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோவைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். ஏறக்குறைய இரண்டு நெல் மூட்டை. எந்தத் தாயின் பாசமும் குறைவில்லை. ஆனால் எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. வேறு மாதிரிச் சொன்னால், 50 கி.மீ. வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம்.

1950-களில் ஐரோப்பாவில் கார்கள் பெருகின. கூடவே விபத்துகளும் பெருகின. அப்போது வால்வோவின் தலைவராக இருந்தவர் கன்னார் எங்கெல்லோ. உறவினர் ஒருவரைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். 1958-ல் அவர் ஒரு புதிய ஆளை வேலைக்கு அழைத்து வந்தார். அவர் பெயர் நில்ஸ் போலின்.

ஒரு கை போதும்

போலின் அதற்கு முன் வேலை பார்த்தது சாப் விமானத் தொழிற்சாலையில். போர் விமானம் ஆபத்தில் சிக்கினால் விமானியை இருக்கையோடு சேர்த்து வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு இருக்கிறதல்லவா, அந்த இருக்கைகளில்தான் அவருக்கு வேலை. மனித உடம்பு எந்த அளவு அதிர்ச்சியைத் தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்பது அவருக்கு அத்துப்படி.

காரில் அப்போதும் பெல்ட் இருந்தது. ஆனால் பெரும்பாலும் இடுப்பை மட்டும் சுற்றிக் கட்டும் பெல்ட். மோதினால் இடுப்பு நிற்கும், மேலுடம்பு மடங்கித் தலை முன்னால் போய் அடிக்கும். சில பெல்ட்களில் கொக்கி வயிற்றுக்கு நடுவே வந்தது. காப்பாற்ற வேண்டிய கொக்கியே குடலைக் காயப்படுத்தியது.

போலினுக்கு இன்னொரு சிக்கலும் புரிந்தது. போர் விமானி உயிர் பிழைக்க நாலு பட்டை கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்வார். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறவர் கட்டிக்கொள்வாரா? ஒரு நிமிடம்கூடத் தொந்தரவைப் பொறுக்க மாட்டார். ஆகவே பெல்ட் பலமாக இருந்தால் மட்டும் போதாது. சுலபமாகவும் இருக்க வேண்டும். ஒரே கையால் இழுத்து மாட்டும்படி இருக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் விடை கிடைத்தது. ஒரே பட்டை. தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கி, இடுப்பின் பக்கவாட்டில் கொக்கிக்குள் நுழைந்து, அங்கிருந்து இடுப்பைத் தாண்டி மறுபக்கம் போகும். உடம்பு மூன்று இடங்களில் பிடிக்கப்படும். வலுவான மார்புக்கூடும் இடுப்பெலும்பும் அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ளும். மென்மையான வயிறு தப்பிக்கும். கொக்கி நடு வயிற்றில் இல்லாமல் பக்கவாட்டில். இன்று நீங்கள் ஏறும் எந்தக் காரிலும் இருப்பது அந்த அமைப்புதான்.

1959 ஆகஸ்ட் 13 அன்று, இந்த பெல்ட் பொருத்திய முதல் கார் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகர முகவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய பி.வி.யின் அடுத்த வடிவமான பி.வி. 544 அது. அமேசானுக்கும் அதே பெல்ட் வந்தது.

அடுத்து நடந்ததுதான் பெரிய விஷயம். காப்புரிமை வால்வோவிடம் இருந்தது. போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ‘இந்த பெல்ட் எங்கள் காரில் மட்டும்தான்’ என்று விளம்பரம் செய்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் இந்த வடிவமைப்பை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். ஊர்ப் பொதுக் கிணறு போல. பிற்பாடு, 1985-ல், முந்தைய நூறு ஆண்டுகளில் மனித குலத்துக்கு மிகவும் பயன்பட்ட எட்டுக் காப்புரிமைகளில் ஒன்றாக ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம் இதைத் தேர்ந்தெடுத்தது. இந்த பெல்ட் காப்பாற்றிய உயிர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது வால்வோவின் மதிப்பீடு.

‘நான் என்ன விமானியா?’

கொடுத்துவிட்டால் ஆயிற்றா? மாட்ட வேண்டுமே!

அந்தக் காலத்து பெல்ட் தானாகச் சுருண்டுகொள்ளாது. அளவைக் கையால் சரிசெய்ய வேண்டும். கணவன் ஓட்டிய காரை மனைவி எடுத்தால் மறுபடி சரிசெய்ய வேண்டும். நம் கற்பனைத் தாத்தா என்ன சொல்லியிருப்பார்? “நாற்பது வருஷமா ஓட்டறேன். நான் என்ன விமானியா, கட்டிப் போட?” எல்லா நாட்டுத் தாத்தாக்களும் சொல்லும் வசனம்தான்.

தாத்தாக்களுக்குப் பதில் சொல்லப் போலின் கணக்கை எடுத்து வந்தார். ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளின் விவரங்களைத் திரட்டி, 1967-ல் வெளியிட்டார்கள். பெல்ட் போடாதவர்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்கூட உயிரிழந்திருந்தார்கள். அது நம்மூர்த் தெருவுக்குள் ஓட்டும் வேகம்! மூன்று முனை பெல்ட் போட்டவர்களில், மணிக்கு ஏறத்தாழ 95 கி.மீ. வேகம் வரை உயிரிழப்பு இல்லை.

அதே 1967-ல் ஸ்வீடன் இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தது. அதுவரை நம்மைப் போலச் சாலையின் இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த நாடு, செப்டம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வலது பக்கம் மாறியது. 1955-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது 80 சதவிகிதத்துக்கும் மேல் ‘வேண்டாம்’ என்றவர்கள்தான். ஆனாலும் பக்கத்து நாடுகளெல்லாம் வலது பக்கம். ஸ்வீடன் கார்களிலும் ஸ்டீயரிங் இடது பக்கமே இருந்ததால், இடது ஓரமாக ஓட்டிக்கொண்டு முன்னால் போகும் லாரியைத் தாண்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவது மாதிரி. ஒரே நாளில் ஒரு நாடே பழக்கத்தை மாற்றிக்கொண்டது.

பெல்ட் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று 1975-ல்தான் சட்டம் வந்தது. பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தச் சட்டம் வர 1986 ஆனது. பெல்ட்டைப் பெற்ற நாட்டிலேயே, அது முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குப் போக இன்னும் 11 வருடங்கள் பிடித்தன.

தேங்காய் தத்துவம்

இந்தச் சூழலில்தான் 1974-ல் 240 பிறந்தது. முன்னோடியான 140 வரிசையையும் வில்ஸ்கார்ட்தான் வரைந்திருந்தார். அந்தப் பெட்டி உருவத்தோடு, 1972-ல் வால்வோ சோதனைக்காகச் செய்து காட்டிய ஒரு பாதுகாப்புக் காரின் பாடங்களும் சேர்ந்துகொண்டன. தடித்த பம்பரும், நீண்ட மூக்கும் அங்கிருந்து வந்தவை.

மூக்கு ஏன் நீளம்? மரத்திலிருந்து தேங்காய் விழுவதைப் பாருங்கள். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் உள்ளே இருக்கும் ஓடு உடைவதில்லை. சுற்றியிருக்கும் நார் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. 240-ன் அமைப்பும் அதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் நார். மோதினால் மடங்கி நசுங்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. நடுவில் குடும்பம் உட்காரும் பகுதி ஓடு. அது நசுங்கக் கூடாது. விபத்துக்குப் பிறகு முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்து ‘என்ன தகரம் போட்டிருக்கான்’ என்று நம்மூரில் திட்டுவார்கள். பல நேரம், நொறுங்கியதால்தான் உள்ளே இருந்தவர்கள் பிழைத்திருப்பார்கள்.

ஸ்வீடனில் இன்னொரு எதிரியும் உண்டு. காட்டுப் பாதையில் திடீரென்று குறுக்கே வரும் மூஸ் என்ற ராட்சத மான். கால்கள் நெடுநெடுவென்று இருக்கும். உடம்பு சில நூறு கிலோ தேறும். கார் மோதினால் கால்கள் தட்டப்பட்டு, அந்த மொத்த உடம்பும் நேராக முன்கண்ணாடி மீது வந்து விழும். அதனால்தான் கூரையும், கண்ணாடியின் இருபுறத் தூண்களும் அங்கே உறுதியாக இருந்தாக வேண்டும்.

பெயரிலேயே காரின் ஜாதகம் இருந்தது. 242, 244, 245 என்று மூன்று வகை. முதல் எண் வரிசை, இரண்டாவது எண் எஞ்சினில் எத்தனை சிலிண்டர், மூன்றாவது எண் எத்தனை கதவு. 245 என்றால் பின்பக்கம் அலமாரி போலத் திறக்கும் ஐந்தாவது கதவும் உள்ள குடும்பக் கார். பின்சீட்டை மடக்கிவிட்டால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

சிவப்பு வண்ணம் பூசிய வார்ப்பிரும்பு எஞ்சின். பெரிய சக்தி எதுவும் இல்லை. ஆனால் ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். பேனட்டைத் திறந்தால் கை விட்டு வேலை பார்க்க இடம் இருக்கும். இத்தனை நீளமான கார், பத்து மீட்டருக்கும் குறைவான வட்டத்துக்குள் திரும்பிவிடும். புகையிலும் முன்னோடிதான். இன்று எல்லா பெட்ரோல் கார்களிலும் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரும் மூவழி கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்த ஏற்பாடு, 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போன 240 கார்களில்தான் முதலில் வந்தது.

குறைகளும் உண்டு. கனம் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம், மேட்டில் மூச்சு வாங்கும். ‘வாத்தியார் கார்’ என்று கிண்டல் செய்தார்கள். அந்த வாத்தியாருக்கும் ஒருநாள் கோபம் வந்தது. டர்போ எஞ்சின் பொருத்திய 240, 1985-ல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அன்றிலிருந்து அதற்கு ‘பறக்கும் செங்கல்’ என்று பெயர்.

பின்னோக்கிப் பார்க்கும் பிள்ளைகள்

இப்போது 1970-களின் கடைசி. நம் குடும்பம் 245-க்கு மாறிவிட்டது. அன்று அம்மாவின் மடியில் இருந்த குழந்தைக்கு இன்று கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஜூலை மாதம். ஏரிக்கரையில் இருக்கும் மர வீட்டுக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள்.

பெரியவனுக்கு ஒரே குஷி. அவனுக்குப் பிடித்த இடம் டிக்கிக்குள் இருக்கிறது. 245-ல் பிள்ளைகளுக்கென்றே மூன்றாவது வரிசை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அது பின்னோக்கி இருக்கும். அதற்கும் பெல்ட் உண்டு. அதில் உட்கார்ந்தால் போகும் சாலை தெரியாது; விட்டு வந்த சாலை தெரியும். பின்னால் வரும் லாரி டிரைவருக்குக் கை காட்டலாம், நாக்கைத் துருத்தலாம். அந்தத் தலைமுறை ஸ்வீடன் பிள்ளைகள் பலருக்கு இது மறக்க முடியாத சந்தோஷம்.

தங்கைக் கைக்குழந்தையும் பின்னோக்கித்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வேறு காரணத்துக்காக. இதைக் கண்டுபிடித்தவர் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர், பேராசிரியர். 1960-களில் விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் பயணம் செய்வதைக் கவனித்தார். அப்படிப் போனால் அழுத்தம் முதுகு முழுவதும் பரவுகிறது. குழந்தைக்கும் அது பொருந்தும் அல்லவா? கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரிது. கழுத்து ரொம்ப மென்மை. முன்னோக்கி உட்கார்ந்தால், மோதலில் உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், கழுத்து இழுபடும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே உள்ளங்கை போலத் தாங்கிக்கொள்ளும். 1964-ல் ஆல்ட்மனின் மாதிரி இருக்கை வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. இன்றும் ஸ்வீடனில் நாலு வயது வரை பிள்ளைகளைப் பின்னோக்கி உட்கார வைப்பது சாதாரணம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பெரியவர்களுக்கான பெல்ட் அவர்களுக்குக் கழுத்தை அறுக்கும், வயிற்றை அழுத்தும். 1978-ல் அதற்கும் வால்வோ ஒரு வழி கண்டது. முடி வெட்டும் கடையில் சின்னப் பையனை உட்கார வைக்கக் குறுக்கே ஒரு பலகை போடுவார்களே, அந்த யோசனைதான். உட்காருமிடத்தை உயர்த்தும் ஒரு குஷன். பையன் உயர்ந்தால் பெல்ட் தோளிலும் இடுப்பிலும் சரியாக விழும்.

ஓட்டுகிறவரின் வசதியை முதலில் பார்ப்பதுதான் கார் வியாபாரத்தின் வழக்கம். ஸ்டீயரிங் பிடிக்கிறவர்தானே காசு கொடுத்து வாங்குகிறார்! கண்ணாடி, பெல்ட், நசுங்கும் மூக்கு, குழந்தை இருக்கை, குஷன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில், அந்தக் குடும்பத்தில் வாய் திறந்து எதுவும் கேட்கத் தெரியாத ஆளிடம், பின்சீட்டுக் குழந்தையிடம், வந்து நின்றது இந்தக் கார்.

செங்கல் போன பிறகு

1993 மே மாதம் கடைசி 240 தயாரானது. பிறகு வால்வோவே இரண்டானது. 1999-ல் கார் பிரிவை ஃபோர்டு வாங்கியது; 2010-ல் அது சீனாவின் ஜீலியிடம் போனது. நாம் ஏறிப் போகும் வால்வோ பஸ்ஸைச் செய்வது பழைய தாய்க் கம்பெனி. பெயர் ஒன்று, முதலாளிகள் வேறு. நில்ஸ் போலின் 2002-ல் காலமானார்.

ஆனால் 240-க்குள் இருந்தவை நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. நீங்கள் கடன் வாங்கி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த சின்னக் காரிலும் போலினின் பெல்ட் இருக்கிறது. அதற்காக நீங்கள் ராயல்டி என்று ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை.

அதை நாம் என்ன செய்கிறோம்? போலீஸ்காரரைப் பார்த்ததும் டிரைவர் மட்டும் அவசரமாக இழுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். சிலர் எச்சரிக்கைச் சத்தம் வராமல் இருக்க, கொக்கியை மட்டும் தனியாக வாங்கிச் சொருகி வைக்கிறார்கள். பின்சீட்டு பெல்ட் பல வீடுகளில் சீட் கவருக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்று நம் நாட்டு விதியிலும் இருக்கிறது. அது பலருக்கும் தெரியாது. 1950-களின் அந்த ஸ்வீடன் அம்மாவைப் போலவே, நம் வீட்டு அம்மாக்களும் குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருகிறார்கள். அப்பா குழந்தையை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து “டுர்ர்...” என்று ஓட்டிக் காட்டுகிறார். அத்தனையும் பாசத்தில் செய்வதுதான்.

அந்தக் குடும்பமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மடியில் இருந்த குழந்தை பின்னோக்கிய இருக்கைக்குப் போக ஒரு தலைமுறை ஆனது. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, பை, தண்ணீர் பாட்டில், முறுக்கு டப்பா எல்லாம் ஏற்றிய பிறகு, சீட் கவருக்கு அடியில் கையை விட்டு அந்தக் கொக்கியைத் தேடி எடுங்கள். “நான் என்ன குழந்தையா?” என்று தாத்தா சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். மாட்டிவிடுங்கள். முன்சீட்டில் இரண்டு, பின்சீட்டில் மூன்று. ஐந்து ‘க்ளிக்’ கேட்ட பிறகு வண்டியை எடுங்கள்.